"அசந்து தூங்குறாரு, எழுப்பாதீங்க": ஆபரேஷனுக்குப் பின் மருந்து மயக்கத்தைக் கணிப்பது எப்படி?

அறுவை சிகிச்சை முடிந்து வார்டுக்கு வந்தவர் கண்ணை மூடிக் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவி, பார்க்க வருகிறவர்களிடம் எல்லாம், "இப்பத்தான் வலி தெரியாம அசந்து தூங்குறாரு, எழுப்பாதீங்க" என்கிறார். பி.பி. பார்க்க வந்த சிஸ்டரும் விரலில் மாட்டிய கருவியில் 98 என்று பார்த்து, கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டு, சத்தம் போடாமல் அடுத்த கட்டிலுக்குப் போகிறார். எல்லோரும் நல்லதைத்தான் நினைத்தார்கள். ஆனால் அந்த இரவில் கேட்டே ஆக வேண்டிய கேள்வி கேட்கப்படாமல் போய்விட்டது. கூப்பிட்டால் எழுவாரா? எழுந்தால், பேசி முடிக்கும்வரை விழித்திருப்பாரா?

வலி மருந்து பெற்ற நோயாளியின் தூக்கத்தை எப்படிப் பார்ப்பது என்பது செவிலியர் பணியில் மிகத் தளர்வாகப் பேசப்படும் விஷயங்களில் ஒன்று. "மயக்கம்", "தூக்கம்", "அசதி" எல்லாம் ஒரே பொருளில் புழங்குகின்றன. புதிதாக வார்டு டூட்டிக்கு வருகிறவர்களையும், கட்டிலுக்குப் பக்கத்தில் இரவு முழுக்க விழித்திருக்கும் உறவினர்களையும் மனத்தில் வைத்து, அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

தூங்குவதும் மயங்கிக் கிடப்பதும்

இரவு பஸ்ஸில் தூங்குகிற பயணியை நினைத்துக்கொள்ளுங்கள். கழுத்து ஒருபக்கமாக மடங்கி மூச்சு அடைத்தால், அவரே தலையைத் திருப்பிக்கொள்வார். கண்டக்டர் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கத்தினால் திடுக்கிட்டு எழுந்து பையை எடுத்துக்கொண்டு இறங்குவார். உடல் தூங்கினாலும் மூளைக்குள் ஒரு காவலாளி விழித்திருக்கிறான். மூச்சில் கோளாறு வந்தால் எழுப்பிவிடுவது அவன் வேலை.

மருந்து மயக்கம் என்பது அந்தக் காவலாளியும் சேர்ந்து தூங்கிப்போவது. ஆங்கில வழக்கில் செடேஷன் என்கிறோம். மருந்தால் விழிப்பு குறைந்து, கூப்பிடுவதற்கும் தட்டுவதற்கும் கிடைக்கும் பதில் மந்தமாகும் நிலை இது. தோளை உலுக்கினால் "ம்ம்" என்பார், கண்ணைப் பாதி திறப்பார், நாம் கையை எடுத்ததும் மறுபடி அமிழ்ந்துவிடுவார். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும் என்பதால்தான் இவ்வளவு குழப்பம்.

இதை உண்டாக்குவதில் முதலிடம் ஓபியாய்டு வகை வலி மருந்துகளுக்கு, அதாவது அபினியோடு தொடர்புள்ளவையும் அதுபோல வேலை செய்பவையும். மார்ஃபின், ஃபென்டனில், டிரமடால், பென்டசோசின் எல்லாம் இந்தக் குடும்பம். கூடவே, ஓபியாய்டு என்று சொல்ல முடியாத துணை மருந்துகளும் உண்டு: பதற்றத்துக்கு மிடசோலம், வாந்திக்குப் புரோமெத்தசின், அரிப்புக்குப் பெனிரமின், நரம்பு வலிக்குப் பிரிகேபலின். மார்ஃபின் கொடுத்தால் சிலருக்கு உடம்பு அரிக்கும். அரிக்கிறதே என்று பெனிரமின் ஊசி போடுவார்கள். ஒன்றுக்கு மருந்தாகப் போட்டது இன்னொன்றின் மயக்கத்தைக் கூட்டிவிடும். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு டோசும் சரியாகவே இருக்கும். கூட்டிப் பார்க்க ஆள் இல்லாமல் போவதுதான் கோளாறு.

இதுவரை பார்த்தது: தூங்குகிறவரை எழுப்பினால் முழுதாக விழிப்பார், மருந்தில் மயங்கியவர் விழிப்பில் நிலைக்க மாட்டார். ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகள் சேர்ந்தால் மயக்கம் கூடும்.

மூச்சை ஓட்டுவது எது?

ஆக்ஸிஜன் வேண்டும் என்பதற்காகத்தான் மூச்சு விடுகிறோம் என்று நினைக்கிறோம். ஆனால் நொடிக்கு நொடி மூச்சைத் தூண்டுவது பெரும்பாலும் கரியமில வாயுதான். ரத்தத்தில் அதன் அழுத்தம் 35 முதல் 45 மி.மீ. பாதரசம் வரை இருப்பது இயல்பு. சற்று ஏறினாலும் மூளையின் அடியில் இருக்கும் முகுளம் என்ற பகுதி உணர்ந்து, மூச்சை ஆழமாக்கும், வேகமாக்கும். அடக்கிப் பிடித்த மூச்சை ஒரு கட்டத்துக்கு மேல் அடக்க முடியாமல் போவது இதனால்தான்.

ஓபியாய்டு இந்த உணர்வை மழுங்கடிக்கிறது. வாயு 50, 60 என்று ஏறினாலும் முகுளம் பதறுவதில்லை. மூச்சு மெதுவாகிறது, ஆழம் குறைகிறது. இதை மூச்சு மந்தம் என்று இக்கட்டுரையில் குறிப்பிடுகிறேன். நாக்கும் தொண்டைத் தசைகளும் தளர்ந்து பின்னால் சரிவதால் காற்றுப் பாதையும் குறுகும். அந்தக் குறுகலில் காற்று உரசும் ஒலிதான் குறட்டை. ஆக, ஆபரேஷன் முடிந்த இரவில் புதிதாகக் கேட்கும் குறட்டையை நிம்மதியான உறக்கத்தின் அறிகுறியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. காற்று சிரமப்பட்டு நுழைகிறது என்று அது சொல்கிறது. இன்னொரு சங்கடமும் உண்டு. மிக அதிகமாகச் சேரும் கரியமில வாயு தானே மயக்கத்தைத் தரும். மயக்கம் கூடக்கூட மூச்சு குறையும், மூச்சு குறையக்குறைய மயக்கம் கூடும்.

மூச்சின் ஆழம் ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் நீளக் குழாயை எண்ணிப் பாருங்கள். குழாய் நிறையும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டால் செடிக்கு ஒரு சொட்டும் போகாது. நம் மூக்கிலிருந்து மூச்சுக்கிளை வரை உள்ள பாதையும் அப்படித்தான். பெரியவர்களுக்கு ஏறத்தாழ 150 மி.லி. காற்று அந்தப் பாதையிலேயே நின்றுவிடும். 500 மி.லி. இழுப்பவருக்கு 350 மி.லி. நுரையீரலின் காற்றறைகளைச் சேரும். நிமிடத்துக்கு 12 மூச்சு என்றால் 4.2 லிட்டர். மயக்கத்தில் இருப்பவர் மூச்சுக்கு 250 மி.லி. மட்டும் இழுத்தால் 100 மி.லி.தான் சேரும். நிமிடத்துக்கு 16 மூச்சு விட்டாலும் 1.6 லிட்டர். கேஸ் ஷீட்டில் "மூச்சு 16" என்று அழகாக இருக்கும், உள்ளே பாதிகூடப் போயிருக்காது. எண்ணிக்கையை மட்டும் பார்க்கிற பழக்கம் இங்கேதான் ஏமாறுகிறது.

98 என்ற எண் எதைச் சொல்லவில்லை

விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர், ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினில் எவ்வளவு பங்கு ஆக்ஸிஜனைச் சுமக்கிறது என்று ஒளியால் அளக்கிறது. ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அயோயாகி 1970களில் கண்ட முறை. எண்ணற்ற உயிர்களைக் காத்த கருவி. ஆனால் மூச்சு எப்படி ஓடுகிறது என்று அது நேராக அளப்பதில்லை.

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியை வைத்து இதைப் புரிந்துகொள்ளலாம். மூச்சு என்பது மோட்டார், உடலில் இருப்பாக உள்ள ஆக்ஸிஜன் தொட்டி, விரலில் தெரியும் எண் சமையலறைக் குழாய். மோட்டார் நின்றுபோனாலும் தொட்டியில் தண்ணீர் இருக்கும்வரை குழாயில் வேகம் குறையாது. குழாய் சொட்ட ஆரம்பிக்கும்போது தொட்டி காலி. மூக்கில் ஆக்ஸிஜன் வைப்பது தொட்டியைப் பெரிதாக்குவது போல. நல்லதுதான், ஆனால் மோட்டார் கெட்டது இன்னும் தாமதமாகத் தெரியும்.

எண்களில் சொன்னால்: சாதாரணக் காற்றை மூச்சிழுக்கும் ஒருவருக்குக் கரியமில வாயு 40இலிருந்து 80க்கு ஏறினால், காற்றறைகளில் ஆக்ஸிஜன் அழுத்தம் ஏறத்தாழ 100இலிருந்து 50க்கு இறங்கும். கருவி 80களில் காட்டி அலறும். அதே ஆளுக்கு மூக்குக் குழாயில் நிமிடத்துக்கு 2, 3 லிட்டர் ஆக்ஸிஜன் போய்க்கொண்டிருந்தால், இழுக்கும் காற்றில் ஆக்ஸிஜன் சுமார் 30% ஆகிவிடும். கரியமில வாயு அதே 80இல் இருக்க, கருவி 97 காட்டும். அதனால் ஆக்ஸிஜன் எத்தனை லிட்டர் ஓடுகிறது என்று பக்கத்தில் எழுதாத 98க்கு அரை மதிப்புத்தான்.

வெளிவிடும் மூச்சில் கரியமில வாயுவை அளக்கும் கேப்னோகிராஃப் என்ற கருவி மோட்டாரையே பார்க்கிறது. மூச்சு நின்ற சில நொடிகளில் திரையில் அலை தட்டையாகும். ஆனால் எல்லா வார்டிலும் அது இருப்பதில்லை. இல்லாத இடத்தில் செவிலியரின் கண்ணும் காதும் குரலும்தான் கருவி.

இதுவரை பார்த்தது: மருந்து முதலில் விழிப்பைக் குறைக்கும், பெரும்பாலும் அதற்குப் பிறகே மூச்சைக் குறைக்கும், விரல் எண் கடைசியில்தான் குறையும். ஆகவே விழிப்பையும் மூச்சையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கட்டிலருகே செய்ய வேண்டியது

வரிசை முக்கியம். முதலில் தொடாதீர்கள், பேசாதீர்கள், பி.பி. பட்டையையும் சுற்றாதீர்கள். தொட்டதும் நோயாளி கொஞ்சம் விழிப்பார், மூச்சு கூடிவிடும், நீங்கள் எண்ணுவது உங்கள் தொடுதலால் வந்த மூச்சாக இருக்கும். போர்வையை மெல்ல விலக்கி, நெஞ்சும் வயிறும் ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் பாருங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது இங்கே கூடாது. மந்தமான மூச்சு ஒழுங்கற்று இருக்கும். நாலு மூச்சு, பிறகு 20 விநாடி நிறுத்தம் என்று போகலாம். நீங்கள் எண்ணிய கால் நிமிடம் அந்த நாலு மூச்சாக இருந்துவிட்டால் நிமிடத்துக்கு 16 என்று எழுதுவீர்கள்.

எண்ணும்போதே ஆழத்தையும் ஒலியையும் கவனியுங்கள். நெஞ்சு அசைகிறது, ஆனால் மூக்கருகே வைத்த புறங்கையில் காற்றுப் படவில்லை என்றால் பாதை அடைத்திருக்கிறது. நிமிடத்துக்கு 10க்குக் கீழே என்றால் கவலைப்பட வேண்டும். 8க்குக் கீழே என்றால் அவசரம். 12 இருந்தாலும் ஆழமில்லை, இடையில் நிற்கிறது என்றால் அதுவும் இயல்பல்ல.

இதற்குப் பிறகு எழுப்புங்கள். சாதாரணக் குரலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பதிலுக்கு இடம் கொடுங்கள். எழவில்லை என்றால் குரலை உயர்த்துங்கள், பிறகு தோளைத் தொடுங்கள். எந்தப் படியில் விழித்தார் என்பதே ஒரு தகவல். விழித்ததும் "ஐயா, வலி இருக்கா?" என்று கேட்டால் தலையை ஆட்டிவிடுவார். அது போதாது. வாக்கியமாகச் சொல்ல வேண்டிய கேள்வியாகக் கேளுங்கள்: "ஊர்ல இருந்து ஆஸ்பத்திரிக்கு எப்படி வந்தீங்க?", "வீட்ல யார் யார் இருக்காங்க?" என்பது போல. அவர் சொல்லி முடிக்கும்வரை நில்லுங்கள். பாதிச் சொல்லில் இமை மூடுகிறதா, பேச்சு இழுக்கிறதா என்பதுதான் இந்தப் பரிசோதனையின் உயிர். அவசரத்தில் விட்டுப்போவதும் இந்த அரை நிமிடம்தான்.

நாடி, பி.பி., விரல் எண், ஆக்ஸிஜன் லிட்டர் எல்லாம் இதற்குப் பின்னால். கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தால் ஓபியாய்டு என்று சந்தேகிக்கலாம், ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. எல்லா மயக்கமும் மருந்தால் வருவதும் இல்லை. பட்டினி கிடந்த சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை இறங்கியிருக்கலாம், உள்ளே ரத்தக் கசிவு இருக்கலாம், பக்கவாதம் வந்திருக்கலாம். குளுக்கோமீட்டரில் ஒரு சொட்டு ரத்தம் வைத்துப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

கண்டதை எழுதும் அளவுகோல்

"ட்ரௌசி" (தூக்கக் கலக்கம்) என்று ஒருவர் எழுதுவதும் இன்னொருவர் எழுதுவதும் ஒன்றாக இருக்காது. அதற்காகத்தான் அளவுகோல். வலி மருந்துக்காகவே அமைந்தது பசேரோ அளவுகோல். அமெரிக்கச் செவிலியர் கிறிஸ் பசேரோ உருவாக்கியது. இதில் ஐந்து நிலைகள்.

"தூ" என்று நாம் குறிக்கக்கூடிய முதல் நிலை, இயல்பான தூக்கம், எழுப்பினால் எளிதில் எழுவார். நிலை 1, நன்றாக விழித்திருப்பவர். நிலை 2, சற்றே தூக்கக் கலக்கம், ஆனால் எளிதில் விழிப்பார். இந்த மூன்றும் ஏற்கத்தக்கவை. நிலை 3, எழுப்பலாம், ஆனால் பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிடுவார். இங்கே கோடு போட வேண்டும். அடுத்த டோஸ் நிற்க வேண்டும், டூட்டி டாக்டருக்கு அல்லது மயக்க மருந்து நிபுணருக்குச் சொல்ல வேண்டும், ஓபியாய்டு அளவை 25 முதல் 50% வரை குறைப்பது வழக்கம், மயக்கம் தெளிந்து மூச்சு சரியாகும்வரை நெருங்கிக் கவனிக்க வேண்டும். நிலை 4, கூப்பிட்டாலும் தட்டினாலும் பதில் மிகக் குறைவு, அல்லது இல்லவே இல்லை. அது அவசரநிலை.

எல்லாக் கவனமும் நிலை 2க்கும் 3க்கும் நடுவில் இருக்க வேண்டும். 4ஐ யாரும் தவறவிடமாட்டார்கள். 3ஐத்தான் "டயர்டா இருக்காரு" என்று விட்டுவிடுகிறோம். தலைக்காயத்துக்கான கிளாஸ்கோ அளவுகோல் இந்த நுண்ணிய வேறுபாட்டைப் பிடிக்காது. அதன் வேலை வேறு.

எப்போதெல்லாம் பார்ப்பது?

மருந்து உச்சத்தில் இருக்கும்போது. நரம்பில் போட்ட ஃபென்டனில் ஏறத்தாழ 5 நிமிடத்தில் உச்சம் தொடும், மார்ஃபின் சுமார் 20 நிமிடம் எடுக்கும், தசையில் போட்டால் அரை மணி முதல் ஒரு மணி. ஊசி போட்டவுடன் "நல்லா இருக்கார்" என்று எழுதுவது மருந்து வேலை செய்யுமுன் எழுதுவது. முதுகுத்தண்டு வழியாகக் கொடுக்கும் மார்ஃபின் வேறு ரகம். மெதுவாக மூளை நோக்கி ஏறும் என்பதால் பல மணி நேரம் கழித்தும் மூச்சு மந்தமாகலாம். அவர்களை முதல் 12 மணி நேரம் மணிக்கொரு முறையும், அடுத்த 12 மணி நேரம் இரண்டு மணிக்கொரு முறையும் பார்ப்பது நடைமுறை. மற்றவர்களுக்கு உங்கள் மருத்துவமனை விதித்துள்ள இடைவெளி குறைந்தபட்சம் மட்டுமே.

அமெரிக்காவில் நஷ்டஈட்டு வழக்குகளாக வந்த 92 மூச்சு மந்த நிகழ்வுகளை ஆராய்ந்து 2015இல் வெளியான ஆய்வில், 88% ஆபரேஷன் முடிந்த 24 மணி நேரத்துக்குள் நடந்திருந்தன. 62% பேரிடம் அதற்கு முன்பே தூக்கக் கலக்கம் காணப்பட்டிருந்தது. கண்ணில் பட்டது, பொருள் மட்டும் புரியவில்லை. 16% நிகழ்வுகளில் கடைசியாகச் செவிலியர் பார்த்து 15 நிமிடம்கூட ஆகவில்லை. எத்தனை முறை எட்டிப் பார்த்தோம் என்பதைவிட என்ன பார்த்தோம் என்பது இங்கே கனக்கிறது.

சிலரை இன்னும் நெருக்கமாகப் பார்க்க வேண்டும். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருபவர்கள் (வீட்டிலும் பலமாகக் குறட்டை விடுவாரா என்று மனைவியைக் கேட்டாலே பாதி தெரியும்), அதிக எடையுள்ளவர்கள், முதியவர்கள், ஓபியாய்டு முன்பு பழகாதவர்கள், நெஞ்சிலோ மேல்வயிற்றிலோ ஆபரேஷன் ஆனவர்கள். சிறுநீரகம் பழுதானவருக்கு மார்ஃபின் உடைந்து உண்டாகும் வீரியமான பொருள் வெளியேறாமல் சேரும் என்பதால் மயக்கம் நீளும்.

வலி 8 என்கிறார், தூங்கியும் வழிகிறார்

புதியவர்கள் தடுமாறும் இடம் இது. எழுப்பி, பத்துக்கு எவ்வளவு வலி என்று கேட்டால் "எட்டு" என்கிறார், சொல்லி முடிக்குமுன் தூங்கிவிடுகிறார். வலி எண்ணை மட்டும் பார்த்து இன்னொரு ஊசி போடுவது மிக ஆபத்தான முடிவு. வலி பொய்யல்ல. ஆனால் மயக்கம் 3இல் இருக்கும்போது ஓபியாய்டுக்கு இடமில்லை. பாரசிட்டமால், நரம்பை மரக்கச் செய்யும் ஊசி போன்ற மயக்கம் தராத வழிகளை டாக்டரிடம் கேட்டு வாங்க வேண்டும். வலி என்பதே மூச்சைத் தூண்டும் ஒரு சக்தி. முன்பே மார்ஃபின் ஏறியிருக்க, நரம்பு ஊசியால் வலி திடீரென்று போனால், அடுத்த அரை மணி நேரம் கட்டிலை விட்டு நகரக் கூடாது.

பயந்துகொண்டு வலி மருந்தே கொடுக்காமல் இருப்பதும் தவறு. வலியில் துடிப்பவர் ஆழமாக மூச்சிழுக்க மாட்டார், இருமிச் சளியைத் துப்ப மாட்டார், எழுந்து நடக்க மாட்டார். நிமோனியாவும் காலில் ரத்தக்கட்டும் அங்கிருந்து வரும்.

மூச்சு மந்தமானால்

கைவிட்டுப் போகாதீர்கள், அங்கிருந்தபடியே உதவிக்குக் குரல் கொடுங்கள். மருந்து ஏறிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். தோளை உலுக்கி, "மூச்சை நல்லா இழுங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். பலர் சொன்னால் இழுப்பார்கள். தலைப்பக்கம் உயர்த்தி, தாடையை முன்னால் தூக்கிப் பாதையைத் திறந்து, ஆக்ஸிஜன் கொடுங்கள். மூச்சு போதவில்லை என்றால் மருந்துக்குக் காத்திராமல் அம்பு பையால் (முகமூடி வழியே காற்றைத் தள்ள, கையால் அமுக்கும் பை) காற்றுக் கொடுக்க வேண்டும்.

மாற்று மருந்து நாலக்ஸோன். ஓபியாய்டு அமர்ந்த இடத்திலிருந்து அதைத் தள்ளிவிடும். டாக்டரின் உத்தரவுப்படி, 0.4 மி.கி. உள்ள 1 மி.லி. ஆம்ப்யூலை 9 மி.லி. சலைனில் கலந்தால் ஒவ்வொரு மி.லி.யிலும் 40 மைக்ரோகிராம். பெரியவர்களுக்கு 1 மி.லி. கொடுத்து இரண்டு நிமிடம் பார்த்து, தேவைப்பட்டால் மறுபடி 1 மி.லி. மூச்சு திரும்பி, கூப்பிட்டால் விழிக்கும் அளவு போதும். மூச்சு இன்னும் இருப்பவருக்கு முழுவதையும் ஒரே தள்ளாகக் கொடுத்தால் அடங்கியிருந்த வலி மொத்தமும் ஒரே நொடியில் திரும்பும், பி.பி. எகிறும், வாந்தி வரும், சிலருக்கு நுரையீரலில் நீர் கோக்கும்.

இன்னொன்று எப்போதும் நினைவில் இருக்கட்டும். நாலக்ஸோன் 30 முதல் 90 நிமிடம்தான் வேலை செய்யும், மார்ஃபினோ 3 முதல் 5 மணி நேரம் நிற்கும். எழுந்து உட்கார்ந்து காபி கேட்டவர் ஒரு மணி நேரம் கழித்து மறுபடி அமிழலாம். குறைந்தது இரண்டு மணி நேரமாவது விடாமல் பார்க்க வேண்டும்.

கூட இருப்பவர்கள் செய்யலாம், செய்யக் கூடாது

நோயாளி தானே அமுக்கி வலி மருந்து எடுத்துக்கொள்ளும் பிசிஏ பம்பு சில மருத்துவமனைகளில் உண்டு. மயங்கியவரால் பட்டனை அமுக்க முடியாது என்பதுதான் அதன் பாதுகாப்பே. "பாவம், முனகுறாங்க" என்று மகள் அமுக்கினால் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. வீட்டிலிருந்து கொண்டுவந்த தூக்க மாத்திரையை, "தினமும் போடுறதுதானே" என்று சிஸ்டருக்குத் தெரியாமல் கொடுப்பதும் இதே ரகம்.

குறட்டை நடுவில் நின்று நின்று வருகிறது, பேச்சு பாதியில் விழுகிறது, உதடு நீலம் பாய்கிறது என்றால் எந்த நேரமானாலும் சிஸ்டரை எழுப்பலாம், கூச்சப்பட வேண்டாம். சிஸ்டர்களும், எதற்காகத் தூக்கத்தைக் கலைக்கிறோம் என்று முதல் முறையிலேயே சொல்லிவிட வேண்டும்: "அம்மா, மருந்து எவ்வளவு தூரம் வேலை செய்யுதுன்னு பாக்கத்தான் எழுப்புறோம். ரெண்டு வார்த்தை பேசினதும் தூங்கட்டும்." இதைக் கேட்டவர்கள் அடுத்த முறை தாங்களே எழுப்பி வைத்திருப்பார்கள். அப்போது அவர்களிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கும்: நாங்கள் வந்து மூச்சை எண்ணி முடிக்கும்வரை எழுப்பாதீர்கள்.

ஷிஃப்ட் மாறும்போது டூட்டி முடிப்பவரும் ஏற்பவரும் சேர்ந்து கட்டிலருகே நின்று ஒருமுறை எழுப்பிப் பார்ப்பது நல்ல வழக்கம். கடைசி டோஸ் எப்போது, எவ்வளவு, அதன் உச்சம் முடிந்துவிட்டதா, மயக்க நிலை என்ன, ஆக்ஸிஜன் எத்தனை லிட்டர் என்பதை அங்கேயே சொல்லிவிடலாம். ஒருவரின் "2" இன்னொருவருக்கு "3" ஆகத் தெரிந்தால், இருவரும் அந்த இடத்திலேயே பேசித் தீர்த்துக்கொள்ள முடியும்.